வாங்குகிறவரின் முகம்

2023 ஜனவரிக் கடைசியில் யூடியூபில் ஒரு வீடியோ வந்தது. கண்புரையால் பார்வை மங்கிப்போன ஆயிரம் பேருக்குத் தன் செலவில் அறுவைச் சிகிச்சை செய்துவைத்திருந்தார் ஜிம்மி டொனால்ட்சன் என்ற அமெரிக்க இளைஞர். மிஸ்டர் பீஸ்ட் என்று சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். கண்கட்டை அவிழ்க்கிறார்கள். எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். சில நாட்களிலேயே கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். கூடவே சண்டையும் தொடங்கிவிட்டது. ஏழையின் கண்ணீரைக் காட்டிப் பணம் பண்ணுகிறார் என்றார்கள் ஒரு சாரார். பத்து நிமிட அறுவைச் சிகிச்சைக்கு ஒரு யூடியூபர் வரவேண்டியிருக்கிறதே, அரசாங்கம் எங்கே போனது என்றார்கள் இன்னொரு சாரார். பார்வையின்மையை எப்படியாவது துடைத்தெறிய வேண்டிய குறையாக மட்டும் காட்டுகிறாரே என்று மாற்றுத்திறனாளிகள் சிலர் வருந்தினார்கள். நீங்கள் ஒருவருக்காவது பார்வை கொடுத்தீர்களா என்று அவருடைய ரசிகர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. ஆயிரம் பேர் இன்று பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்கள், தட்டுத் தடுமாறாமல் படியிறங்குகிறார்கள். அவர் என்ன நோக்கத்தில் செய்தார் என்று துருவுவதில் எனக்கு அக்கறை இல்லை. நோக்கத்தை அளக்கிற கோல் யாரிடமும் கிடையாது. அளந்துவிட்டாலும் பார்வை திரும்பியவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வீடியோவைப் பார்த்து முடித்தபோது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. பொறாமையா, பழைய ஆட்களுக்கே உரிய கூச்சமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் இல்லை.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை அதிசயம் அல்ல. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் தன் 58ஆவது வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதம் அவருடைய விரல்களை முறுக்கிப் போட்டிருந்தது. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டு ஆயிரமாயிரம் கண்களுக்குச் சிகிச்சை செய்தவர் அவர். இன்று அந்த நிறுவனத்தின் மருத்துவமனைகளில் ஆண்டுக்குப் பல லட்சம் அறுவைச் சிகிச்சைகள் நடக்கின்றன. வசதி உள்ளவர் கட்டும் பணத்தில் வசதி இல்லாதவருக்கும் சிகிச்சை நடக்கிறது. பணம் கட்டும் பிரிவுக்குப் போவதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்று நோயாளியே முடிவு செய்துகொள்கிறார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாக ஓர் அமைப்பைத் தொடங்கி, லென்ஸ் விலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கண் முகாம் என்றால் அரசுப் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். காலையிலேயே வயசானவர்கள் வேப்பமர நிழலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள். புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டியிருக்கும். முகாமுக்குச் செலவு செய்த அரிமா சங்கத்தின் பெயரோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவாக என்ற வரியோ அதில் இருக்கும். கொடுத்தவர் பெயர் பளிச்சென்று தெரியும். பஸ்ஸில் ஏறிப் போனவர் யார் யார் என்பது அந்தந்த வீட்டோடு நின்றுவிடும்.

கொடையை ஊரறியச் செய்வதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊரறியாமல் கொடுத்தால் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று யார் கேட்பது? வாய்ப்பூட்டுப் போட்ட கொடையில்தான் இடைத்தரகர் கொழுப்பார். ஊரறிய வேண்டியது எது, அறியக் கூடாதது எது என்பதில்தான் என் உறுத்தல் இருந்தது. அது எனக்கு விளங்கியது 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நேரில் பார்த்த ஒரு காட்சியை மறுபடி நினைத்துப் பார்த்தபோது.

எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன வேன் வந்து நின்றது. அரிசி, பருப்பு, எண்ணெய் போட்ட பைகளை இளைஞர்கள் நாலைந்து பேர் இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் செல்போன். பூக்கட்டி விற்கிற பாட்டியின் முறை வந்தது. கோயில்கள் மூடிக் கிடந்ததால் அவருக்கு வரும்படி அடியோடு நின்றுபோயிருந்தது. பையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"பாட்டி, ஒரு நிமிஷம். கண்ணை மூடிட்டீங்க. பையைக் குடுத்துட்டு மறுபடி வாங்கிக்கங்க."

கொடுத்தார், வாங்கினார்.

"மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்க பாட்டி, முகம் தெரியலை."

நோய்க்குப் பயந்து ஊரே முகத்தை மூடிக்கொண்டிருந்த மாதம் அது. பாட்டி மாஸ்க்கில் கை வைத்தார், ஆனால் இறக்கவில்லை. "முகம் எதுக்குய்யா? அரிசிக்குத்தானே வந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

அந்தப் பையன் முகம் வாடிவிட்டது. "எனக்காக இல்லை பாட்டி. பணம் அனுப்பினவங்களுக்குக் காட்டணும். காட்டலைன்னா அடுத்த வாரம் அரிசி வராது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வெயிலில் அலைந்து அலைந்து அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எங்களைவிட அவன் எவ்வளவோ மேல். பாட்டி மாஸ்க்கை இறக்கினார். படம் எடுத்தார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுவரோரமாக நடந்து போனார்.

கொடுத்தவருக்குச் சாட்சி வேண்டும். அந்தக் கோரிக்கை நியாயமானதே. அதற்கு அந்த மூதாட்டியின் முகத்தைக் கேட்டதுதான் அநியாயம். அரிசி மண்டி ரசீது இருந்தது, எடைச்சீட்டு இருந்தது, எந்தத் தெருவில் எத்தனை குடும்பம் என்று எழுதிய நோட்டு இருந்தது. சாட்சிக்கு அவை போதும். ஆனால் ரசீதைப் பார்த்து யாருக்கும் மனம் இளகாது, லைக் விழாது. ஒரு முகம் இளக்கும். ஆகவே முகம் விலையாகிறது. அன்று பாட்டி வாங்கிய அரிசி இலவச அரிசி அல்ல. அவர் அதற்கு விலை கொடுத்துவிட்டுத்தான் போனார். யூடியூபில் கண் திறந்து அழுதவர்களும் அப்படித்தான். விளம்பர வருமானம் அந்தக் கண்ணீரிலிருந்து வருகிறது. அந்தப் பணம் அடுத்த ஏழைக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விலை கொடுத்தவர் யார் என்பது மாறிவிடாது. ராஜஸ்தான் அரசு அந்த 2020 ஏப்ரலிலேயே, உணவும் ரேஷனும் கொடுக்கும்போது படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. தடையால் எவ்வளவு நடந்ததோ, ஓர் அரசாங்கம் அதைத் தவறு என்று வாய்விட்டுச் சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

தானத்துக்குச் சாட்சி வைப்பது எப்படி என்று இந்த மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுகளாகத் தெரியும். தான் கொடுத்ததையும் தன் அக்காள் கொடுத்ததையும் தேவியர் கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் விட்டார்கள் என்றால், ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதையும் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்லிவிடும். அதைவிட எனக்கு நெருக்கமானது காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டு. அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்திருக்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்று எழுதியிருக்கிறது. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. இரவில் எரிய விளக்குக்குக்கூட எண்ணெய்க் கணக்கு உண்டு.

அந்தச் சுவரில் நோயாளியின் பெயர் இல்லை. யார் அங்கே வந்து படுத்தார், என்ன வியாதி, குணமாகிப் போகும்போது அழுதாரா, கும்பிட்டாரா, ஒன்றும் இல்லை. கொடுத்தவரும் நடத்துகிறவரும் ஊர் முன்னால் கட்டுப்பட்டிருக்கிறார்கள். மருந்து குறைந்தால் கல்லைக் காட்டிக் கேட்கலாம். அந்த எழுத்து கொடுத்தவரின் பெருமைக்கும் உதவியது, மறுக்க வேண்டாம். ஆனால் பெருமையோடு பொறுப்பையும் சேர்த்தே அவர் தலையில் ஏற்றியது. இன்றைய கேமரா, கொடுக்கிறவருக்குப் பெருமையை வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டை வாங்குகிறவர் பக்கம் தள்ளிவிட்டது. நன்றாகத் தெரிகிற மாதிரி நில், சிரி, அழு, நன்றி சொல் என்று அவரிடம்தான் கேட்கிறது.

இணையத்தால் வேறு மாதிரியும் செய்ய முடியும். 2014 கோடையில் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணமும் உதவி நடந்த ஆராய்ச்சியில் அந்நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை 2016இல் கண்டறிந்தார்கள். விளையாட்டுத்தனம் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். நான் அதை வேறாகப் பார்க்கிறேன். அதில் நனைந்து நடுங்கியது கொடுத்தவர். கேமரா முன்னால் நின்றதும் கொடுத்தவர். கை கால் விளங்காமல் படுத்திருந்தவரை எழுப்பி நிறுத்தி யாரும் படம் எடுக்கவில்லை. முன்னால் வந்து பேசிய நோயாளிகள் தாங்களாக வந்தார்கள்.

இதையெல்லாம்விட என்னை அலைக்கழிப்பது குழந்தைகளின் விஷயம். முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவுக்கு 16 கோடி ரூபாய் ஊசி என்று நாம் எல்லோரும் செய்தியில் படித்திருக்கிறோம். மூக்கில் குழாயோடு ஒரு குழந்தையின் படம், பக்கத்தில் தாயின் கண்ணீர், கீழே பணம் அனுப்பும் எண். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் பிள்ளையாக இருந்தால் நானும் செய்வேன். ஆனால் இந்த முறையில் பிழைப்பது எந்தக் குழந்தை? படத்தில் நன்றாக விழும் குழந்தை, வீடியோ எடுக்கத் தெரிந்த மாமா உள்ள குழந்தை, பிரபலமான ஒருவர் கண்ணில் பட்ட குழந்தை. பிழைக்கப்போவது யார் என்பதை முகம் முடிவு செய்கிறது. அரிய நோய்களுக்கென்று 2021இல் மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு உதவி வரம்பை 50 லட்சமாக உயர்த்தியது. 16 கோடிக்கு முன் அது எம்மாத்திரம் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அந்த வரம்பை உயர்த்தச் சொல்லி, மருந்து விலையைக் குறைக்கச் சொல்லி எழ வேண்டிய குரல், பகிருங்கள் பகிருங்கள் என்று ஒவ்வொரு குழந்தைக்காகவும் தனித்தனியே கரைந்துபோகிறது.

பிழைத்த குழந்தை வளரும். பத்து வயதில் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி வாங்கிய பையனின் வீடியோவை இருபத்தைந்து வயதில் அவனோடு வேலை பார்க்கிறவர் தேடி எடுக்க முடியும். கல்யாணம் பேச வருகிறவர்கள் பார்க்க முடியும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. உதவி பெறுகிற எல்லாப் பிள்ளைகளும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் அந்தப் பிரிவை எழுதியவர்களின் கவலை எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். ஒரு பிள்ளையின் ஏழ்மை அவனுக்குச் சில வருஷம் நேர்ந்த நிலைமை. வீடியோ அதை அவன் ஆயுளுக்கும் நீட்டிவிடுகிறது.

அரசியலிலும் முகம்தான் விஷயம், கொஞ்சம் உருமாறி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, முதல்வர் ஜெயலலிதாவின் படம் ஒட்டிய நிவாரணப் பொட்டலங்கள் பெரிய சர்ச்சையாயின. யார் யாரோ தங்கள் ஊரிலிருந்து லாரி லாரியாக அனுப்பியதன்மேல் ஒரே முகம் ஏறியதுதான் மக்களைக் கொதிக்க வைத்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கட்சியும் இதற்கு விலக்கல்ல. டிவியில், மிக்ஸியில், லேப்டாப்பில், பையில் தலைவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வரி கட்டிய கோடிப் பேரின் பணத்துக்கு ஒருவர் உபயதாரர் ஆகிவிடுகிறார். பிறகு டெல்லியிலிருந்து இலவசக் கலாச்சாரம் என்று ஒரு குரல் வருகிறது. தேர்தல் வாக்குறுதியாக இலவசப் பொருள் தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல், தமிழ்நாட்டு வழக்கிலேயே, சொன்ன பிறகும் அந்தச் சர்ச்சை ஓயவில்லை. 2022 ஜூலையில் பிரதமர் அதை மிட்டாய் வினியோகத்தோடு ஒப்பிட்டுப் பேசியதும் மறுபடி பற்றிக்கொண்டது. அந்த விவாதம் முழுக்க, கொடுக்கலாமா கூடாதா என்றே ஓடுகிறது. வாங்குகிறவர் எப்படி நிற்கிறார் என்று பார்க்க ஆளில்லை.

அதைப் பார்க்க வேண்டுமானால் ரேஷன் கடைக்குப் போக வேண்டும். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரிசி இலவசம். எங்கள் கடையில் வரிசை நிற்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும். போன மாதம் எனக்கு முன்னால் நின்ற அம்மா, தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "தம்பி, பையை இறக்கிட்டு முள்ளு பூஜ்யத்துல நிக்குதான்னு காட்டு" என்றார். கடைக்காரர் முணுமுணுத்தார். "முணங்காதே. எங்க அரிசிய எங்களுக்குப் போடுறதுக்கு உனக்கு என்ன வலி?" பையை இறக்கினார், காட்டினார், மறுபடி போட்டார். கூட இன்னும் ஒரு கை அரிசி விழுந்தது. அந்த அம்மா சாக்குக்குள் கை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "சரி, இந்தத் தடவை பழுப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை, வரிசையில் நின்ற எங்களுக்கும் தோன்றவில்லை.

பூக்காரப் பாட்டி வாங்கியதும் அரிசி, இவர் வாங்கியதும் அரிசி. பாட்டிக்குப் பழுப்பரிசி கிடைத்திருந்தால் வாய் திறந்திருப்பாரா? திறந்திருக்க முடியாது. குறை சொல்ல முடியாத இடத்தில் வாங்கும் எதுவும் மனிதரைக் கொஞ்சம் குனிய வைத்துவிடுகிறது. குறை சொல்லிச் சண்டை போட முடிகிற இடத்தில் இலவசமாக வாங்கினாலும் நிமிர்ந்தே நிற்க முடிகிறது. மிஸ்டர் பீஸ்டின் வீடியோவில் என்னை உறுத்தியது இதுதான். ஆயிரம் பேரில் ஒருவர்கூட அங்கே, "மங்கலாத்தான் தெரியுது, மறுபடி பாருங்க" என்று சொல்கிற இடத்தில் இல்லை. சொல்லியிருந்தால் அது வீடியோவில் வந்திருக்காது.

2022 பொங்கலுக்குத் தமிழக அரசு 21 பொருள் அடங்கிய பரிசுத் தொகுப்பு கொடுத்தது. சில ஊர்களில் வெல்லம் உருகி ஒழுகியது. மக்கள் செல்போனை எடுத்தார்கள். ஒழுகும் வெல்லத்தைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. தரமற்ற பொருள் கொடுத்த நிறுவனங்கள்மேல் நடவடிக்கை எடுக்க முதல்வர் ஸ்டாலின் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஓசியில் கிடைத்ததற்கு இவ்வளவு பேச்சா என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அந்த வீடியோக்கள் மிகவும் பிடித்திருந்தன. அதே செல்போன், அதே இணையம். இந்தத் தடவை அது வாங்கியவர் கையில் இருந்தது, கொடுத்தவர் பக்கம் திரும்பியிருந்தது. வாங்கியவரின் முகம் அதில் இல்லை. கையும் வெல்லமும் குரலும் மட்டும் இருந்தன.

தெரு முனையில் வேனோடு வந்த அந்தப் பையன்களை மறு வருஷம் இரண்டாம் அலையின்போதும் பார்த்தேன். பை கொடுப்பதை விட்டிருந்தார்கள். தெருவில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, இன்னின்ன வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் வரைக்கும் கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். வாங்குகிறவர் மற்றவர்களைப் போலவே கடைக்கு வந்து, மற்றவர்களைப் போலவே பேரம் பேசி வாங்கிப் போனார். யார் கணக்கு என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரியும். மாதக் கடைசியில் பெயர் இல்லாத பில்லைப் பணம் அனுப்பியவர்களுக்கு அனுப்பினார்கள். அதில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, அரைக் கிலோ கேழ்வரகு மாவு இருந்தது, ஒரு வீட்டுக் கணக்கில் வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் இருந்தன. வெளியூரில் இருந்த நன்கொடையாளர் ஒருவர் போன் பண்ணி, வெற்றிலை பாக்குக்கா நம்ம பணம் போகிறது என்று கேட்டிருக்கிறார். "ஆமா சார், அவங்க போடுவாங்க" என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று கேட்டாராம்.